ஏர் ரைஃபிளுக்கு லோதர் வால்தர் பேரல்: வாங்கி, பொருத்தி, சுட்டுப் பார்த்தது

பயிற்சிக்கு வைத்திருக்கும் ஏர் ரைஃபிளுக்குப் புது பேரல் போடலாமா, போட்டால் எதைப் போடுவது என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் மகளின் துப்பாக்கிக்கு நாங்கள் போட்டது ஜெர்மனியில் செய்த லோதர் வால்தர் பேரல். 4.5 மில்லிமீட்டர், அதாவது எல்லோரும் பாயின்ட் ஒன் செவன் செவன் என்று சொல்லும் அளவு. உள்ளே குண்டைச் சுழலவைக்கும் பன்னிரண்டு காடி, அதாவது திருகுப் பள்ளம். குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் சோக், அதாவது துளை சற்று இறுகும் இடம். போட்டு ஒரு சீசன் முழுக்கச் சுட்டாகிவிட்டது. நல்ல பேரல், கொடுத்த காசுக்குக் குறையில்லை. ஆனால் பேரலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. அதைப் பொருத்துகிற வேலையில்தான் பாதிப் பலன் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

நான் ராணுவத்தில் ரிப்பேர் வேலை பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன். ஓய்வு பெற்று இப்போது காட்பாடியில் இருக்கிறேன். பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் ரேஞ்சில் துப்பாக்கி ரிப்பேர் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் துப்பாக்கி என்று பேச்செடுத்தால் டீக்கடையிலேயே பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். பேரல் விஷயத்தில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான், பட்டாளத்து ரைஃபிளுக்கு. ஏர் ரைஃபிளுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் பணம் வேண்டாத இடத்துக்குப் போய்விடும்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள் சுடுவது உள்நாட்டில் செய்த ஒரு பி.சி.பி. ரைஃபிள், வேறொருவர் வைத்திருந்ததை வாங்கியது. காற்றை சிலிண்டரில் அடைத்துச் சுடும் வகை. கொஞ்ச நாளாகவே அவள் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நைனா, நான் ஒரு எடத்துல விடறேன், ஓட்டை வேற எடத்துல வுழுது." ட்ரிகர் விட்ட நொடியில் குறி எங்கே நின்றது என்பது நல்ல ஷூட்டருக்குத் தெரியும். அவள் பத்து என்று சொன்னால் பத்து இருக்க வேண்டும். இருக்கவில்லை. இடதுபக்கம் ஒன்று, மேலே ஒன்று என்று காரணமில்லாமல் வெளியே போனது.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு கணக்கு. பத்து மீட்டர் டார்கெட்டில் நடுப்பத்து என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளி. ஒன்பது வளையத்தின் விட்டம் 5.5 மில்லிமீட்டர். கடைசி வளையம் வரை மொத்த டார்கெட்டே 45.5 மில்லிமீட்டர்தான். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். இப்போது தகுதிச் சுற்றில் ஒவ்வொரு ஷாட்டையும் 10.9 வரை தசமத்தில் எண்ணுகிறார்கள். 60 ஷாட்டுக்கு மேல்வரம்பு 654. அப்படியானால் ஒரு தசமம் என்பது கால் மில்லிமீட்டர். பேரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டாலே நான்கு தசமம் போய்விடும், அதுவும் பிள்ளையின் தப்பே இல்லாமல். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதைப் பார்த்துப் பார்த்து இங்கே வரும் பிள்ளைகள், ஒரு தசமத்தில் இடம் மாறுவதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். துப்பாக்கி ஏமாற்றினால் அவர்கள் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். எனக்கு அதுதான் பொறுக்காத விஷயம்.

பேரலைக் குறை சொல்வதற்கு முன் மற்றதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, பின்சைட்டின் ஆட்டம், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், பெல்லட் என்ற ஈயக் குண்டு எந்த லாட் என்பது, எல்லாம் பார்த்தாயிற்று. அப்புறம் ரைஃபிளைப் பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் வைஸில் ரப்பர் வைத்துக் கட்டி, மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பத்து மீட்டரில் ஐந்து ஷாட் குரூப் போட்டேன், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட ஐந்து ஓட்டையும் எவ்வளவு அகலத்துக்குள் விழுகிறது என்று பார்த்தேன். வெர்னியரில் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு ஒன்பதரை மில்லிமீட்டர் வந்தது. பெல்லட்டே நாலரை மில்லிமீட்டர் என்பதால் நடுவுக்கு நடு ஐந்து. மறுபடி போட்டாலும் அதே கதைதான். ஆள் கையே படாமல் இவ்வளவு அகலம் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

சரி, பேரலைக் கழற்றினேன். கழற்றுவதற்கு முன்னால் சிலிண்டரில் இருக்கும் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். 200 பார் அழுத்தம் விளையாட்டல்ல. சிலிண்டர் மேல் அடித்திருக்கும் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மேட்ச் ரைஃபிள் கம்பெனிகள் பத்து வருடத்துக்கு மேல் ஒரு சிலிண்டரைப் பயன்படுத்தச் சொல்வதில்லை.

பேரலைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல கருவி ஒரு பெல்லட்டும், பேரலுக்குள் தாராளமாகப் போகிற ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட ராடும்தான். குண்டு போடும் பக்கமிருந்து பெல்லட்டை வைத்து மெல்லத் தள்ள வேண்டும். கை விரல்தான் மீட்டர். நல்ல பேரலில் முதலில் காடி பிடிக்கும்போது ஒரு தடை தெரியும். பிறகு கடைசி வரை ஒரே சீராக, வெண்ணெய் போலப் போகும். வாய்க்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி இறுகும். அந்தக் கடைசி இறுக்கம்தான் சோக். எங்கள் பழைய பேரலில் நடுவில் ஓரிடத்தில் பெல்லட் தானாகவே வழுக்கியது, இன்னோர் இடத்தில் முட்டியது, வாய்ப்பக்கம் இறுக்கமே இல்லை. வெளியே வந்த பெல்லட்டை லென்ஸில் பார்த்தால் ஒருபக்கக் காடித் தடம் ஆழமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருந்தது. காது குடையும் பட்ஸை வாய்க்குள் விட்டுச் சுற்றி இழுத்தேன். ஓரிடத்தில் பஞ்சு சிக்கியது. யாரோ வாய்ப்பக்கமிருந்து இரும்பு ராடை விட்டு விட்டுத் துடைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விளிம்பு நசுங்கி, நூல் அளவு பிசிறு உள்ளே திரும்பியிருந்தது. பெல்லட் வெளியேறும் கடைசி நொடியில் காற்று அந்தப் பக்கம் முன்பின்னாகக் கசியும். பெல்லட்டின் வால் தள்ளப்படும். அவ்வளவுதான், ஷாட் போய்விட்டது.

இப்போது உழைப்பு பற்றி. பேரல் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வருஷம் உழைக்கும்" என்பதுதான்.

வெடிமருந்து ரைஃபிளில் இது நியாயமான கேள்வி. அங்கே மருந்து எரிந்த வாயு ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் பேரலுக்குள் பாய்கிறது. பின்னாலேயே தாமிர உறை போட்ட குண்டு. தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் காடி தொடங்குமிடம்தான் முதலில் பொரிந்து, வெடிப்பு விட்டு, அரிக்கும். அதைத் தாங்கத்தான் உள்ளே குரோம் பூச்சு போடுகிறார்கள். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் பேரலிலும் குரோம் உண்டு. துரு அண்டாது, சூடு தாங்கும். ஆனால் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் உட்கார்வது கஷ்டம் என்பதால் குறிபார்த்துப் போட்டி சுடுகிறவர்கள் பூச்சில்லாத 416 ஆர் ஸ்டெயின்லெஸ் பக்கம் போவார்கள். அமெரிக்காவில் ஏ.ஆர். ரைஃபிள் வைத்திருப்பவர்கள் 4150 குரோம்மாலி நல்லதா ஸ்டெயின்லெஸ் நல்லதா, மேற்பரப்பைக் கெட்டியாக்கும் நைட்ரைடு போடலாமா, சுத்தியலால் அடித்து உருவாக்கியதா, பட்டன் என்ற கெட்டி அச்சை உள்ளே இழுத்துக் காடி போட்டதா என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். முறுக்கு, அதாவது காடி ஒரு முழுச் சுற்று சுற்றுவது, ஏழு இஞ்சுக்கு ஒன்றா, ஒன்பது இஞ்சுக்கு ஒன்றா என்பதும் அங்கே குண்டின் நீளத்தைப் பொறுத்து உயிர்நாடியான கேள்வி. நீளமான 62 கிரெயின் எடைக் குண்டுக்குப் பழைய பன்னிரண்டு இஞ்சு முறுக்கு போதாது. குண்டு நேராக நிற்காது. உழைப்பா, குறியா, எது முக்கியம் என்று அவர்கள் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஏர் ரைஃபிளில் அந்த இக்கட்டே இல்லை. நமக்கு உள்ளே போவது காற்று. வெளியே போவது மென்மையான ஈயம், அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல், வினாடிக்கு 170 மீட்டர் சுமார் வேகத்தில். ஈயத்தால் எஃகு தேயாது. நன்றாக வைத்துக்கொண்டால் ஏர் ரைஃபிள் பேரல் இரண்டு தலைமுறை ஷூட்டர்களைப் பார்த்துவிடும். அதனால் குரோம், நைட்ரைடு என்று சொல்லி ஒருவர் கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள். சென்னையில் ஒரு கடைக்காரர் எனக்குக் காட்டிய பேரலைப் பற்றி "ஆயுசுக்கும் தேயாது சார்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். சோக் இருக்கிறதா என்றால் பதில் இல்லை. ஒரு பெல்லட் விட்டுப் பார்க்கலாமா என்றேன், பேக்கிங்கைப் பிரிக்க மாட்டேன் என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேரல் விற்கிறவர் பெல்லட் விட்டுப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏர் ரைஃபிள் பேரலைக் கொல்வது மூன்று: வாய்ப்பக்கம் விடும் இரும்பு ராட், துரு, தப்பான லேத் வேலை. குறி தீர்மானமாவது இரண்டு முனையில்: பெல்லட் காடிக்குள் நுழையும் முதல் ஓர் இஞ்சும், வெளியேறும் கடைசி ஓர் இஞ்சும். நடுவில் சீராக இருந்தால் போதும்.

லோதர் வால்தரைத் தேர்ந்தெடுத்தது இதை வைத்துத்தான். 1925 முதல் பேரல் மட்டுமே தொழிலாக இருக்கும் கம்பெனி. பிஸ்டல் செய்த கார்ல் வால்தரின் மகன்களில் ஒருவர் தொடங்கியது. இப்போது கோனிக்ஸ்ப்ரான் என்ற ஊரில் இருக்கிறது. பட்டன் இழுத்துக் காடி போடும் முறையில் பேர் எடுத்தவர்கள். ஏர் ரைஃபிளுக்கு அவர்கள் தரும் முறுக்கு 450 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. நம் பெல்லட் இடுப்பு ஒடுங்கி, வால் அகன்று இருப்பதால் இறகுப்பந்து போல் தானாகவே நேரே நிற்கும். அதற்கு இந்த நிதானமான முறுக்கு தாராளம். பேரல் ஏஜென்ட் வழியாக வந்தபோது பி.வி.சி. பைப்புக்குள், இரண்டு முனையிலும் மூடி போட்டு, எண்ணெய்க் காகிதம் சுற்றி வந்தது. வாயில் ஒரு கீறல் இல்லை. ராடை எடுத்துப் பெல்லட்டைத் தள்ளினேன். முதல் தடை, பிறகு ஒரே சீர், கடைசியில் விரல் நிறுத்திவிடும் அளவுக்கு இறுக்கம். அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. வெளியே வந்த பெல்லட்டில் பன்னிரண்டு தடமும் ஒரே ஆழம்.

உள்நாட்டிலும் இப்போது நல்ல வேலை நடக்கிறது. பிரீசிஹோல் போன்றவர்கள் ஆழத்துளை போடும் எந்திரத் தொழிலிலிருந்து ஏர் ரைஃபிளுக்கு வந்தவர்கள், பேரலைத் தாங்களே செய்கிறார்கள். அவர்கள் ரைஃபிளே உங்களிடம் இருந்தால் அந்தக் கம்பெனி பேரலையே கேட்டு வாங்குவது சுலபம். லேத் வேலையே வேண்டியிருக்காது. எங்கள் ரைஃபிளுக்கு அப்படி நேராக உட்காரும் பேரல் கிடைக்கவில்லை என்பதால்தான் வெற்றுப் பேரல் வாங்கிப் பொருத்தினோம்.

வெற்றுப் பேரல் வாங்கும்போது வெளிவிட்டத்தைக் கவனியுங்கள். பேரலின் பின்முனையைப் பிடித்திருக்கும் பிரீச் பிளாக்கின் துளைக்கு எவ்வளவு நெருக்கமான வெளிவிட்டம் கிடைக்குமோ அதை வாங்குங்கள். கனமான பேரலை வாங்கி லேத்தில் போட்டு மெலிதாக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பட்டன் இழுத்த பேரலுக்குள் ஓர் அழுத்தம் தங்கியிருக்கும். வெளியே நிறையச் செதுக்கினால் அந்த இடத்தில் உள்விட்டம் விரியும். பழைய பேரலில் பார்த்த அதே வழுக்கலை நாமே காசு கொடுத்து உண்டாக்கினது போலாகும். நீளம் குறைக்க வேண்டுமென்றால் குண்டு போடும் பக்கம் மட்டுமே வெட்ட வேண்டும். வாய்ப்பக்கம் இரண்டு இஞ்சு வெட்டினால் சோக் போச்சு, கொடுத்த பணமும் போச்சு.

பொருத்தும் வேலைக்கு ராணிப்பேட்டை போனேன். பெல் (பி.எச்.இ.எல்.) கம்பெனிக்கு உதிரி செய்து கொடுத்து வளர்ந்த லேத் பட்டறைகள் அங்கே நிறைய உண்டு. பாய்லர் ஆலைக்கு வேலை செய்து பழகிய கைக்கு அளவு என்றால் அளவுதான். எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார், வயது அறுபதுக்கு மேல். பேரலைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. "மிலிட்டரி சார், வெளிவட்டத்துக்கு சென்டர் வைக்கணுமா, உள்துளைக்கு வைக்கணுமா?"

உள்துளைக்குத்தான். எந்தப் பேரலிலும் துளை வெளிவட்டத்துக்கு நூறு சதம் நடுவில் இருக்காது. மூன்று தாடையும் ஒன்றாக நெருங்கும் த்ரீ ஜா சக்கில் கவ்வி ஓட்டினால் வெளிவட்டம் ஆடாமல் சுற்றும், துளை ஆடும். அவர் ஃபோர் ஜா சக்கில் பிடித்து, துளைக்குள் ஒரு பின் சொருகி, அதன் மேல் டயல் வைத்து, நான்கு தாடையையும் மாற்றி மாற்றி நெருக்கினார். டயல் முள் அசையாமல் நிற்கும் வரை விடவில்லை. இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பிறகு பிரீச் பக்கம் வெளியே ஓர் இழை மட்டும் எடுத்தார். வாய்ப்பக்கம் கை வைக்கவே இல்லை. கம்பெனி போட்ட கிரவுன், அதாவது வாய் விளிம்பின் சீர்வேலை, அப்படியே இருக்கட்டும் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம்.

அடுத்தது காற்றுத் துளை. பி.சி.பி. ரைஃபிளில் வால்விலிருந்து வரும் காற்று பேரலின் பக்கவாட்டில் ஒரு துளை வழியாக உள்ளே வரும். பெல்லட்டை நாம் உள்ளே தள்ளும்போது அது இந்தத் துளையைத் தாண்டிப் போய்த்தான் உட்கார வேண்டும். இங்கேதான் பலர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். டிரில் உள்ளே வந்த இடத்தில் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. டிரில் போட்ட கையோடு ஒரு பெல்லட்டைத் தள்ளி எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். பின்பக்க மெல்லிய விளிம்பில் பளபளவென்று ஒரே ஒரு கீறல், நகத்தால் கிள்ளியது மாதிரி. இவ்வளவு நல்ல பேரலில் ஒவ்வொரு பெல்லட்டும் அந்த ஒரு கீறலோடு பறந்தால் வாங்கினது வீண். மேஸ்திரி மெல்லிய கம்பியின் முனையை வளைத்து, அதில் ஆயிரம் நம்பர் எமரியைச் சுற்றி, துளையின் உள்விளிம்பை மட்டும் தடவித் தடவி எடுத்தார். ஒவ்வொரு முறையும் புதுப் பெல்லட் விட்டுப் பார்ப்பது, மறுபடி தடவுவது. கீறல் மெலிந்து மெலிந்து கடைசியில் மறைந்தது. பெல்லட் நுழையும் வாயில் சின்னதாக ஒரு சரிவு கொடுத்து பாலிஷ் போட்டார். தள்ளும்போது ஈயம் சீவப்படாமல் நுழைய வேண்டும். அவ்வளவு கவனமாகச் செய்துவிட்டு அவர் கேட்ட கூலி மிகக் குறைவு. நான் கூடுதலாகக் கொடுத்தேன், வாங்கத் தயங்கினார். இப்படிப்பட்ட கைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன என்பது பெரிய விஷயம். பேரலை எடுத்துக்கொண்டு டெல்லிக்கும் புனேவுக்கும் அனுப்புகிறவர்கள் ஒருதடவை ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சுற்றிப் பாருங்கள்.

வீட்டில் வந்து ஓ-ரிங் புதிதாகப் போட்டு, காற்றுத் துளை நேரே உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்து, கிரப் ஸ்க்ரூவை ஒரே பக்கம் முழுக்க முடுக்காமல் மாற்றி மாற்றி முடுக்கினேன். புதுப் பேரல் உடனே குரூப் தராது. உள்ளே ஈயம் மெல்லிய படலமாகப் படிய வேண்டும். அதுவரை ஷாட் அங்குமிங்கும் அலையும். பொறுமையாக ஒரு டப்பா பெல்லட்டில் பாதிக்குமேல் சும்மா சுட்டோம். அப்புறம் அதே வைஸ், அதே பத்து மீட்டர், ஐந்து ஷாட். ஐந்தும் ஒரே ஓட்டை. வெளிவிளிம்பு அளவு ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று உள்ளே. நடுவுக்கு நடு ஒன்றரைக்கும் குறைவு. மகள் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே எங்க போனாலும் அது நான்தான், இல்ல நைனா?" என்றாள். ஆமாம் என்றேன். ஷூட்டருக்குத் தன் துப்பாக்கி மேல் அந்த நம்பிக்கை வந்துவிட வேண்டும்.

பெல்லட் விஷயம் இதோடு சேர்ந்தது. மேட்ச் பெல்லட் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று வரும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பேரல் கண்டுபிடிக்கும். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர் 10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் எங்களிடம் இருந்தன. எங்கள் பேரலுக்கு 4.50 பிடித்தது. 4.49-இல் அவ்வப்போது ஒன்று தனியாகப் போனது. உங்கள் பேரலுக்கு வேறாக இருக்கலாம், அதனால் டப்பா டப்பாவாக வாங்கிக் குவிப்பதற்கு முன் ஒவ்வோர் அளவிலும் கொஞ்சம் வாங்கி வைஸில் கட்டிச் சுட்டுவிடுங்கள்.

வேலூர் வெயிலைச் சொல்லி எல்லோரும் பயப்படுவார்கள். பேரலுக்கு வெயில் எதிரியில்லை. சிலிண்டரைத்தான் மே மாத வெயிலில் காருக்குள் விட்டு வைக்கக் கூடாது. பேரலுக்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. அந்த இரண்டு மாதமும் இங்கே காற்றில் ஈரம் நிற்கும். அப்புறம் இன்னொன்று நம் ஊருக்கே உரியது: ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் நல்ல தோல் மலிவாகக் கிடைக்கிறது என்று ரைஃபிளுக்குத் தோல் உறை தைத்து அதற்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்துவிடுகிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட மருந்தும் உள்ளே மிச்சமிருக்கும். இரும்பை அதற்குள் மூடி வைத்தால் துரு நிச்சயம். தூக்கிக்கொண்டு போக உறை இருக்கட்டும், வீட்டில் வெளியே எடுத்து நிறுத்திவையுங்கள். கை வியர்வை பட்ட இடத்தைத் துணியால் துடைத்து வெளிப்பக்கம் மட்டும் எண்ணெய் தடவுங்கள்.

உள்ளே துடைக்க இரும்பு ராடும் கம்பி பிரஷும் வீட்டிலேயே இருக்க வேண்டாம். பட்டாளத்தில் புல்த்ரூ என்ற கயிற்றில் துண்டுத் துணி கட்டிப் பேரலுக்குள் இழுப்போமே, அதே வழிதான். இங்கே கயிற்றுக்குப் பதில் மீன் தூண்டில் நைலான் நரம்பு. குண்டு போடும் பக்கம் நுழைத்து வாய்ப்பக்கம் நேராக இழுக்க வேண்டும். விளிம்பில் உரசும்படி சாய்த்து இழுக்காதீர்கள். பெல்லட் அளவில் வரும் ஃபெல்ட் உருளையைச் சுட்டும் துடைக்கலாம், அதுவும் நல்லது. குரூப் விரியும்போது துடைத்தால் போதும். தினமும் துடைத்தால் படிந்த ஈயப் படலம் போய் மறுபடி முதலிலிருந்து படிய வேண்டும்.

சட்டம் பற்றிக் கேட்கிறார்கள். நான் சொன்னதெல்லாம் 4.5 மில்லிமீட்டர், பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு மட்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். வெடிமருந்து ரைஃபிளின் பேரல் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தின் பாகம். லைசென்ஸும், அங்கீகரித்த டீலரும் இல்லாமல் அதன் பக்கமே போகக் கூடாது, லேத்தில் கொடுப்பது என்ற பேச்சே கூடாது. ஏர் ரைஃபிள் பேரலுக்கும் பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போட்டிக்குப் போகும் வழியில் ரயிலில் பையைத் திறக்கச் சொன்னால் காட்டக் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

செலவு? பேரல், லேத் கூலி, ஓ-ரிங், சோதிக்கச் சுட்ட பெல்லட் எல்லாம் சேர்ந்து நாங்கள் அந்த ரைஃபிளை வாங்கிய விலையில் ஏறக்குறைய பாதி ஆகிவிட்டது. எல்லோருக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை என்றால், நிற்கவும் மூச்சைப் பிடிக்கவும் பழகும்வரை இருக்கிற பேரலே போதும். அந்தப் பணத்தில் நல்ல பெல்லட் வாங்கிக் கொடுங்கள். வைஸில் கட்டிச் சுட்டால் ஏழு மில்லிமீட்டருக்குள் வருகிற பேரலைத் தொடவே வேண்டாம். சில பேரலில் வாய்ப்பக்கப் பிசிறு மட்டும்தான் குறையாக இருக்கும். உள்ளே சீராக இருந்தால், சோக்கின் நீளத்துக்குப் பங்கம் வராமல் ஓர் இழை மட்டும் எடுத்துக் கிரவுன் புதிதாகப் போட்டாலே சரியாகிவிடும், புதுப் பேரல் செலவு மிச்சம். ஸ்கோர் 600-ஐத் தாண்டி, கை நிலைத்து, அதற்கு மேல் ஏறாமல் நிற்கிற பிள்ளைக்கு, வைஸிலும் குரூப் விரிந்தால், மாற்றுங்கள். தயங்க வேண்டாம்.

எங்கள் ரைஃபிளில் அடுத்து ட்ரிகரைப் பார்க்க வேண்டும். பேரல் சரியானதும் அதன் முதல் கட்டத்தில் இருக்கும் லேசான சொரசொரப்பு மகளுக்கு இப்போது தெளிவாகத் தெரிகிறதாம். 4.50 பெல்லட்டை ஒரே லாட்டில் சீசனுக்குப் போதுமான அளவு எடுத்து வைத்துவிட்டோம்.